தளர்வு ஆணையில் விட்டுப்போன ஒரு வரி

அடுத்த பெருந்தொற்றின்போது ஊரடங்குத் தளர்வு ஆணையில் கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லப்போகிற நிபுணர் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் எதிர்கொள்ளப்போகும் கிருமிக்கும் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் உங்கள் மேசைக்கு வரப்போகிற அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். கோவிட் காலத்தில் அப்படிப்பட்ட ஆணைகளை வரி விடாமல் படிக்கிற வேலை எனக்கு வாய்த்தது. எதையெல்லாம் திறக்கலாம், எத்தனை மணி வரை, ஓர் அறையில் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து என்று எல்லாம் அதில் இருக்கும். எந்த நிலை வந்தால் திரும்ப மூடுவோம் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. அந்த வரியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊரடங்கை நீட்டிக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடிவைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் ஆணை எழுதுகிறவர் இல்லை. திறக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது, திறந்தபிறகு எதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதுதான் என் கவலை.

நான் தொடர்பு தேடும் குழுவில் தன்னார்வலராக இருந்தேன். சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களுக்குப் போன் போட்டு, கடந்த சில நாட்களில் யாரையெல்லாம் பார்த்தீர்கள், எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதுகிற வேலை. எங்களிடம் ஒரு பெரிய எக்செல் தாள் இருந்தது, லைன் லிஸ்ட் என்போம். அதில் மூன்று தேதிக் கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும்: அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள். வெளியே தினமும் அறிவிக்கப்படுகிற எண்ணிக்கை மூன்றாவது கட்டத்திலிருந்து வருவது. தொற்று நடந்தது முதல் கட்டத்துக்கும் முன்னால். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பல தளர்வுகள் தவறிப்போயின என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை பெரிய தளர்வு ஒன்று அமலுக்கு வந்தது. அதே வாரம் வியாழக்கிழமை நடந்த கூட்டத்தில் மேலே இருந்த ஒருவர், "பார்த்தீர்களா, திறந்து நாலு நாள் ஆச்சு, எண்ணிக்கை ஏறவே இல்லை" என்றார். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. என் முன்னால் லைன் லிஸ்ட் திறந்திருந்தது. அன்றைக்குப் பட்டியலில் வந்தவர்களின் அறிகுறி தொடங்கிய நாள் எல்லாமே அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தையது. தளர்வால் தொற்றியவர் ஒருவர்கூட இன்னும் அந்தத் தாளுக்குள் வந்திருக்கவில்லை. ஊரடங்கின் பலனைப் பார்த்துவிட்டுத் தளர்வுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். கையைத் தூக்கிச் சொன்னேன். "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வாரம் பார்ப்பதற்குள் அடுத்த தளர்வும் வந்துவிட்டது.

கணக்கு சிக்கலானது இல்லை. கோவிட்டின் முதல் வகையில், தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 நாள். பிறகு, சாதாரணச் சளிதானே என்று ஓரிரு நாள். சோதனை, முடிவு என்று இன்னும் ஓரிரு நாள். ஆக, இன்று நடந்த தொற்று அறிவிப்பில் எண்ணாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும் முதல் சுற்று, அதாவது தளர்வில் நேரடியாகத் தொற்றியவர்கள் மட்டும். வரைபடத்தில் ஏற்றம் என்று கண்ணுக்குத் தெரிய அவர்களிடமிருந்து தொற்றிய இரண்டாவது சுற்றும் வர வேண்டும், அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். அறிகுறி தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில்தான் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு வருவார்கள். இறப்புகள் அதற்கும் பிறகு. மருத்துவமனைப் படுக்கைகளைப் பார்த்து முடிவெடுக்கிறவர் மூன்று வாரம் முந்தைய உலகத்தைப் பார்க்கிறார். இறப்பு எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிறவர் ஒரு மாதம் பின்னால் இருக்கிறார். டெல்டாவிலும் ஒமிக்ரானிலும் அறிகுறி தெரிய ஆகும் நாட்கள் குறைந்தன, தாமதமும் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் பரவும் வேகமும் கூடிவிட்டதால் அதனால் நமக்கு லாபம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் போனில் கற்றது. ஒரு பெண்மணி, தான் எங்கேயுமே போகவில்லை, யாருமே வரவில்லை என்று சாதித்தார். பத்து நிமிடம் பேசிய பிறகு, "தம்பி மட்டும் வந்திருந்தான், சனிக்கிழமை. ஆர்டர்தான் வந்துடுச்சே, அதான்" என்றார். ஆணை வெள்ளிக்கிழமை மாலை வெளியானது. அமலுக்கு வருவது திங்கட்கிழமை. சட்டப்படி அந்தச் சனிக்கிழமை இன்னும் ஊரடங்குதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அத்தனை நாள் தம்பி முகத்தைப் பார்க்காமல் இருந்தவர். ஆனால் அன்றைக்குப் புரிந்தது, தளர்வு தொடங்குவது அமலாகும் தேதியில் இல்லை, செய்தி காதில் விழுகிற நேரத்தில். நீங்கள் திறக்கச் சொன்னது இரண்டு வகை இடங்களை. மக்கள் கேட்டது, "ஆபத்து போய்விட்டது" என்று. மூடும்போதும் அப்படித்தான், ஆணைக்கு முன்பே பயந்து வீட்டுக்குள் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆணையின் வாசகத்தைவிட அதன் தொனிதான் வேகமாகப் பரவுகிறது.

இனி, எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு பரவும் என்பதற்கு வருகிறேன். நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறார் என்பதை ஆர் எண் என்று சொல்வார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். 1-க்குக் கீழே இருந்தால் தணியும், மேலே போனால் ஏறும். ஆனால் 1-க்குக் கீழேயும் மேலேயும் உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பது கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை. ஒரு நாளைக்கு 1000 புதிய தொற்று, ஒரு சுற்றுக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் 0.8 என்றால் முப்பதாவது நாளில் அது ஏறக்குறைய 260 ஆகியிருக்கும். 1.2 என்றால் ஏறக்குறைய 3000. இந்த இரண்டு எதிர்காலங்களுக்கும் நடுவில் இருப்பது என்ன? முன்பு இரண்டு பேரைச் சந்தித்தவர் இப்போது மூன்று பேரைச் சந்திக்கிறார். அவ்வளவுதான். யாரும் பொறுப்பில்லாமல் நடக்கத் தேவையில்லை, திருவிழாக் கூட்டமும் தேவையில்லை.

2020 ஏப்ரல் நடுவில் ஜெர்மனியின் அதிபர் ஏங்கலா மெர்கெல் தளர்வுகளை அறிவித்தபோது இதையே பொதுமக்களிடம் சொன்னார். அவர் இயற்பியல் படித்தவர், அது உதவியிருக்கும். அப்போது அங்கே ஆர் ஏறக்குறைய 1. அது 1.1 ஆனால் அக்டோபரில் மருத்துவமனைகள் எல்லையைத் தொடும், 1.2 ஆனால் ஜூலையில், 1.3 ஆனால் ஜூனிலேயே என்றார். ஓர் ஆட்சியாளர் தசமப் புள்ளியை நம்பி மக்களிடம் பேசியது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். திறக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, திறக்கிற அன்றே அந்தத் திறப்புக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து காட்டினார்.

அப்புறம், எங்கிருந்து திறக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இதே 1.2-ஐ நாளைக்கு 50 தொற்று இருக்கும்போது அனுமதித்தால், ஒரு மாதத்தில் 150-க்குப் பக்கத்தில் நிற்கும். அத்தனை பேருக்கும் போன் போட்டு, தொடர்புகளைக் கண்டுபிடித்து, தனிமைப்படுத்தி, வேகத்தையே குறைக்க முடியும். 3000 பேருக்கு முடியாது. எங்கள் குழுவில் ஒரு கட்டத்துக்கு மேல் நாங்கள் தேடவில்லை, பட்டியலை நகர்த்திக்கொண்டிருந்தோம். ஒருவருக்குப் போன் போகும்போது அவர் தொற்றவைத்தவர்களுக்கே காய்ச்சல் வந்திருக்கும். தளர்வு, தொடர்பு தேடும் குழுவை மூழ்கடிக்கிறது, குழு மூழ்கியதால் பரவல் இன்னும் வேகமாகிறது. இந்தச் சுழல் எந்த ஆணையிலும் எழுதப்படுவதில்லை.

திரும்ப மூடுவதற்கும் இதே கணக்குதான். ஆர் 1.2-இல் பதினைந்தாவது நாள் விழித்துக்கொண்டு 0.8-க்குக் கொண்டுவந்தால், தொடங்கிய 1000-க்குத் திரும்ப ஏறக்குறைய 12 நாள். முப்பதாவது நாள் விழித்துக்கொண்டால் 25 நாள். தயங்கிய நாட்களை வட்டியோடு அல்ல, அசலாகவே மக்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டுகிறார்கள். ஊரடங்கு நீள்வதை வெறுப்பவர்தான் சீக்கிரம் மூடுவதை ஆதரிக்க வேண்டும். இது தலைகீழாகப் பேசப்படுவதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

இதெல்லாம் கோவிட்டில் புதிதாகத் தெரிந்ததும் இல்லை. 1918 இன்ஃபுளுவென்சாவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் சீக்கிரமே மூடிப் பெயர் வாங்கியது. ஆனால் நவம்பர் நடுவில் தளர்த்தியதும் நோய் ஏறி, அதே மாத இறுதியில் திரும்ப மூட வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் 1918 நவம்பர் 21 அன்று நண்பகலில் சங்கு ஊதியதும் மக்கள் முகக்கவசங்களைக் கழற்றித் தெருவில் எறிந்து கொண்டாடினார்கள். ஜனவரியில் அதே கவசம் திரும்பக் கட்டாயமானது. இம்முறை எதிர்ப்புக்கு ஒரு சங்கமே உருவாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சங்கம்தான். முதல் முறை ஒத்துழைத்த ஊர், முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு இரண்டாம் முறை முறைத்தது. 17 அமெரிக்க நகரங்களின் 1918 பதிவுகளை வைத்து 2007-இல் வந்த ஓர் ஆய்வு, முக்கியக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தவரை எந்த நகரத்திலும் இரண்டாம் அலை வரவில்லை, தளர்த்திய பிறகே வந்தது என்று காட்டியது. காரணமும் புரியக்கூடியதுதான். ஊரடங்கு நோயைத் தள்ளிவைக்கிறது. நோய் தொடாமல் தப்பியவர்கள் அத்தனை பேரும் இன்னும் தொற்றக்கூடியவர்களாகவே காத்திருக்கிறார்கள். மற்றக் கிருமிகளுக்கும் இது பொருந்தும். குளிர்காலத்தில் குழந்தைகளைப் படுத்தும் ஆர்எஸ்வி, ஒரு குளிர்காலம் அடங்கிக் கிடந்துவிட்டு, தளர்வுக்குப் பின் 2021-இல் அமெரிக்காவில் கோடையில் எழுந்து வந்தது.

அப்படியானால் திறக்கும்போதெல்லாம் அலை வந்தே தீருமா? இல்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று ஐரோப்பாவிலேயே முதலாவதாகப் பள்ளிகளைத் திறந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளை மட்டும், சின்னச் சின்னக் குழுக்களாக, முடிந்தவரை வெளியில் வைத்து, ஓயாமல் கை கழுவவைத்து. அதனால் பெரிய ஏற்றம் எதுவும் வரவில்லை. அடுத்த மாதம் இஸ்ரேல் பள்ளிகளை முழுமையாகத் திறந்தது. சில நாட்களில் கடும் வெப்ப அலை, முகக்கவசத்துக்கு விலக்கு கொடுத்தார்கள், வகுப்பறைகளில் ஏசி ஓடியது, முப்பதுக்கு மேல் பிள்ளைகள் ஓர் அறையில். ஜெருசலேமில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. ஆணையில் இரண்டுமே "பள்ளிகள் திறப்பு" என்ற ஒரே சொல்தான். பரவலைத் தீர்மானித்தது அறையின் காற்றும் கூட்டத்தின் அளவும்.

நீங்கள் ஏமாறக்கூடிய இன்னோர் இடம் உண்டு. இந்தக் கிருமி எல்லோரிடமிருந்தும் சமமாகப் பரவுவதில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கும் கொடுப்பதில்லை, சிலரிடமிருந்து கூட்டமாகப் பரவுகிறது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. கடைசியில் அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். தளர்வுக்குப் பிறகு மூன்று வாரம் அமைதியாகப் போகலாம். அது உங்கள் திட்டம் நன்றாக இருப்பதாலும் இருக்கலாம், அப்படி ஓர் அறை இன்னும் அமையாததாலும் இருக்கலாம். அமைதியை வைத்து மட்டும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரி, சரியாகச் செய்தவர்களே இல்லையா என்று கேட்கலாம். என் வரியை நான் ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. 2020 மே 6 அன்று ஜெர்மனியின் மத்திய அரசும் மாநிலங்களும் தளர்வுக்கு ஒப்புக்கொண்டபோதே, ஒரு மாவட்டத்தில் 7 நாளில் லட்சம் பேருக்கு 50 புதிய தொற்றைத் தாண்டினால் அந்த மாவட்டத்தில் கட்டுப்பாடுகள் திரும்பும் என்று அதே ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த 50, ஓர் உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தால் எத்தனை பேரின் தொடர்புகளைத் தேட முடியும் என்பதிலிருந்து வந்த எண். தேடுகிறவனின் கையளவைக் கொண்டு நாட்டுக்கு அளவுகோல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தனி மகிழ்ச்சி. ஜூனில் கூட்டர்ஸ்லோ மாவட்டத்து இறைச்சி ஆலை ஒன்றில் 1500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று வந்தது. அந்த மாவட்டமும் பக்கத்து மாவட்டமும் மட்டும் திரும்ப மூடப்பட்டன, நாடு முழுவதும் இல்லை. பிற்பாடு 2021-இல் அதே நாடு 35, 100 என்று அளவுகோல்களை மாற்றிக்கொண்டே போனதும் நடந்தது. எண்ணை மாற்றுவதில் தவறில்லை, காரணம் சொல்லாமல் மாற்றினால்தான் அதை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இங்கிலாந்து 2021 பிப்ரவரி 22 அன்று நான்கு படிகளாகத் திறக்கும் திட்டத்தை வெளியிட்டது. படிக்குப் படி குறைந்தது ஐந்து வாரம். நான்கு வாரம் தகவலைப் பார்க்க, ஒரு வாரம் மக்களுக்கு முன்கூட்டிச் சொல்ல. மேலே நான் போட்ட தாமதக் கணக்கை இதனோடு ஒட்டிப் பாருங்கள், ஏன் நான்கு வாரம் என்று புரியும். மே 17-இல் மூன்றாம் படி தொடங்கியபிறகு டெல்டா ஏறியது. இடைவெளி இருந்ததால் அது கண்ணில் பட்டது. ஜூன் 21-க்கு வைத்திருந்த கடைசிப் படியை ஜூலை 19-க்குத் தள்ளினார்கள், அந்த நான்கு வாரத்தில் இன்னும் பலருக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. தள்ளிவைத்த நேரத்தை எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்பதில்தான் தளர்வின் பாதி இருக்கிறது. இதற்கு நேர் எதிர் சீனா. மூன்று ஆண்டு இறுக்கிப் பிடித்துவிட்டு 2022 டிசம்பர் 7 அன்று பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் விட்டார்கள், அதுவும் குளிர்காலத்தில். 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர்கூட அப்போது பூஸ்டர் போட்டிருக்கவில்லை. டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை மருத்துவமனைகளில் மட்டும் 59,938 பேர் கோவிட் தொடர்பாக இறந்ததாக அவர்களே அறிவித்தார்கள்.

"திரும்ப மூடுவோம் என்று முன்கூட்டியே எழுதினால் மக்கள் மிரளுவார்கள், தொழில் தொடங்கமாட்டார்கள்" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் சொல்வதை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் நான் போனில் பேசியவர்களிடம் கேட்டது வேறு மாதிரி இருந்தது. திடீரென்று ராத்திரி வருகிற அறிவிப்புக்குத்தான் அவர்கள் பயந்தார்கள். எண் தெரிந்தால் தினமும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எண் ஏறும்போது நீங்கள் சொல்லாமலே கொஞ்சம் ஒதுங்குவார்கள், சில சமயம் அதுவே ஆர் எண்ணை 1-க்குக் கீழே இழுத்துவிடும்.

எந்த எண் என்பதை உங்கள் கிருமி சொல்லும். தொற்று எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், சோதனையைக் குறைத்தால் அதுவும் குறையும். எடுத்த சோதனைகளில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதைச் சேருங்கள். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தளர்வுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் அது 5%-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. கழிவுநீரில் கிருமியின் அளவைப் பார்ப்பது இன்னும் நல்லது. சோதனைக்கு வராதவரின் தடமும் அதில் இருக்கும், பல இடங்களில் சில நாள் முன்னதாகவே தெரிந்தது. புதிதாக மருத்துவமனையில் சேருகிறவர்களின் எண்ணிக்கை தாமதமானது, ஆனால் பொய் சொல்லாது. இவற்றில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வேண்டாம், ஐந்தாறு இருந்தால் எப்போதும் ஏதோ ஒன்று நன்றாகத்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

அந்த வரியை நானே எழுதித் தருகிறேன். கோடிட்ட இடங்களை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள், ஆணையின் கடைசிப் பக்கத்தில் இல்லாமல் முதல் பக்கத்திலேயே வையுங்கள்:

"இத்தளர்வுக்குப் பின் ____ நாட்கள் முடியும்வரை வேறு தளர்வு எதுவும் அறிவிக்கப்படாது, அதற்கிடையில் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் ____ என்ற அளவு தொடர்ந்து ____ நாட்கள் ____-ஐத் தாண்டினால், அம்மாவட்டத்தில் மட்டும் இத்தளர்வு தானாகவே நிறுத்திவைக்கப்படும், அளவு ____-க்குக் கீழே இறங்கியதும் தானாகவே திரும்ப அமலுக்கு வரும்."

இப்படிக்கு,
லைன் லிஸ்டில் தேதிகளை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு முன்னாள் தன்னார்வலர்